கிடந்த கோலம்

துன்பம் நேர்கையில் மனோதைரியத்தையும் நம்பிக்கையையும் வளர்ப்பது எங்ஙனம் என்று கட்டணம் பெற்று உபந்நியாசம் புரியும் பெரியோர்கள், செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பல்லவர் காலக் குகையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரை அவசியம் சேவிக்க வேண்டும். போருக்கு விடைபெற வந்த செஞ்சி மன்னன் தேசிங்குராஜனைத் தடுக்கவே பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஐதிகம். அபசகுனமென்று அஞ்சாது, 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிரே சொற்பப் படையுடன் புறப்பட்டானே அவ்விளைஞன், அதுவன்றோ நம்பிக்கை! உயிர் போனது அற்ப விஷயம், உற்சாகம் போகவில்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பயிரைப் பறிகொடுத்த விழுப்புரத்துக் குடியானவனையும் தேசிங்காகவே இருக்கும்படி உபதேசிக்கும் அப்பெரியோர்கள், தாங்கள் மட்டும் பெருமாளையே பின்பற்றுகிறார்கள்: கிடந்த கோலம், திரும்பிய திருமுகம்.