டாக்டரும் அம்மாளும் நாற்பது பஞ்சரும்

வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்ற அமெரிக்க டாக்டர், உடம்பு சரியில்லை என்று சொல்லி நாற்பது சொச்ச வயதிலேயே தொழிலுக்கு முழுக்குப் போட்டார். நம்மூரில் இப்படி ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியில் கிடந்து காப்பியில் சர்க்கரை குறைவு என்று சண்டை போடுவார். இவர் மனைவி ஃபேனியைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பா போனார். அங்கே சைக்கிள் பைத்தியம் பிடித்து அல்ஜீரியா, ஸ்பெயின் என்று இருவரும் மிதித்தார்கள். அதுவும் போதாமல் 1897 கடைசியில் நம் பக்கம் கிளம்பினார்கள். அப்போது அவருக்கு 50, அம்மாளுக்கு 38. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா எல்லாம் சேர்த்து 14,000 மைல். உடம்பு சரியில்லாத அந்த மனிதர் பிறகு இமயமலையும் ஏறிவிட்டு, 90 வயதில்தான் போய்ச் சேர்ந்தார். என்ன வியாதி என்று தெரிந்தால் நாமும் வரவழைத்துக்கொள்ளலாம்.

பணத்துக்குக் கவலையில்லை. ஃபேனியின் அப்பா மாசசூசெட்ஸ் மாகாண கவர்னராக இருந்தவர். மகள் விடுதிப் பள்ளியில். சைக்கிளில் தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின் இறைச்சி, மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான், ஆளுக்கொரு கம்பளி. அதோடு தலையணையும். சோலா தொப்பியும் நீளப் பாவாடையுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் தலையணையோடு சைக்கிளில் வருவதைப் பார்த்தவர்கள், வண்டியில் கட்டிய மாட்டை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

இவர்களுக்கு முன்னால் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் உலகத்தையே சைக்கிளில் சுற்றினார். ஆப்கானிஸ்தானில் அவரைப் பிடித்து வந்த வழியே துரத்த, சுற்றி வளைத்துக் கப்பலில் கராச்சி வந்து, ரயிலில் லாகூர் போய், 1886 கோடையில் அங்கிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் மிதித்தார். இந்தியா முடிந்தது என்று கணக்கை மூடிவிட்டு ஹாங்காங்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். விந்தியத்துக்குத் தெற்கே ஆள் இருக்கிற விஷயத்தை யாரும் அவர் காதில் போடவில்லை. அவருடையது ஆளுயர முன்சக்கரம், கெட்டி ரப்பர். விழுந்தால் பல் போகும். பஞ்சர் மட்டும் ஆகாது.

பஞ்சரைக் கொண்டுவந்தவர் டன்லப். 1888இல் அவர் சைக்கிளுக்கான காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது, அதுவரை நம் வெறுங்காலை மட்டுமே நம்பிப் பிழைத்துவந்த நெருஞ்சிக்குப் புதிய வாழ்வு பிறந்தது. கருவேல முள்ளும் கூட்டு சேர்ந்தது. வொர்க்மன் தம்பதிக்குச் சில நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஆனதாம். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஆறரை மணி நேரத்துக்கு மேல். ஆக, இந்தியாவை அவர்கள் அதிகமாகப் பார்த்தது ரோட்டோரம் உட்கார்ந்துதான். சுற்றி நின்ற கூட்டத்தில் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

“யாருடா இந்தம்மா? கலெக்டர் சம்சாரமா?”

“கலெக்டர் சம்சாரம் எதுக்குடா புளியமரத்தடியில குந்திக்கினு ரப்பர் ஒட்டுது?”

“அப்ப வூட்டுல எதாவது சண்டையா இருக்கும்.”

(இதை அவர்கள் புத்தகத்தில் தேட வேண்டாம். நான் போட்டது.)

புத்தகம் 1904இல் வந்தது. தலைப்பில் இந்தியச் சமவெளியின் கோயில்கள், மக்கள் என்று இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே போனால் கோயிலுக்கு முதல் பந்தி, மக்களுக்கு இலை எடுக்கிற நேரம். ராமாயணம், மகாபாரதம் எல்லாம் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு வந்த ஜோடி அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சிற்பி என்றால் உருகுவார்கள். அவன் பேரனுக்குப் பேரன் எதிரே நின்று வேடிக்கை பார்த்தால் கண்ணில் படமாட்டான். அந்த வேடிக்கை பார்த்தவன்தான் பம்பைப் பிடித்துக் காற்றடித்திருப்பான் என்று நான் நினைக்கிறேன். சாப்பாட்டுக்காக ரயில் பாதையை ஒட்டியே போவது, தங்க இடம் கிடைக்காவிட்டால் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுப்பது. தலையணை எதற்கு என்று இப்போது புரிகிறது.

இந்த ஜோடியை மாமல்லபுரத்தில் இறக்கிப் பார்க்க எனக்கு ஆசை. ஆதாரம் கேட்காதீர்கள், சும்மா ஒரு சவாரி. அந்தக் காலத்து துரைமார்கள் மதராஸில் ராத்திரி பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிப் படுத்தால், காலையில் மாமல்லபுரத்தில் எழுந்திருப்பார்கள். படகு இழுக்கிறவன் தூங்கியிருக்க மாட்டான், அது வேறு கதை. நம்மவர்கள் அப்படி வந்தால் மரியாதை என்னாவது? செங்கல்பட்டு ஸ்டேஷனில் எழுந்து, டின் இறைச்சியைத் தின்றுவிட்டு, முப்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டியதுதான். வழியில் திருக்கழுக்குன்றம். அந்தக் காலத்தில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போன ஊர். மலைமேல் ஒருகல் மண்டபத்தில், பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோயில் சுவரில் காதலி பெயரை எழுதும் பையனைத் திட்டுகிறோமே, அவனுடையது கிறுக்கல். டச்சுக்காரன் எழுதினால் கல்வெட்டு.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு முன்னால் டாக்டர் நின்றிருப்பார். விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் பார்த்தால், உடம்பைக் காரணம் காட்டித் தொழிலை விட்டவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். கீழே ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது, எலிகள் சூழ. அம்மாள் அதை மணிக்கணக்கில் ரசித்திருப்பார்.

பக்கத்தில்தான் வெண்ணெய் உருண்டை என்கிற பாறை. 20 அடி உயரம், 250 டன் என்பார்கள். 1908இல் கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்படுகிறது. ஹேவ்லாக் மதராஸ் கவர்னராக இருந்தது 1896 முதல் 1900 வரை. 1908இல் கவர்னர் ஆர்தர் லாலி. ஹேவ்லாக் அந்த வருஷம் ஜூனில் இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். ஆகவே ஏழு யானை வந்ததோ இல்லையோ, இழுக்கச் சொன்னது எந்த ஆர்தர், அவர் உயிரோடுதான் இருந்தாரா என்பதை யானைகளிடம்தான் கேட்க வேண்டும். நம் சைக்கிள் தம்பதி இந்தியாவில் சுற்றிய சமயம் ஹேவ்லாக்தான் கவர்னர். அவர் பாறையை இழுத்திருந்தால் ஃபேனி விட்டிருப்பாரா? யானைக்குக் கூட ஒரு அத்தியாயம் கிடைத்திருக்கும், பாகனுக்குக் கிடைத்திருக்காது.

அம்மாளைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1912இல் காரகோரத்தில் 21,000 அடி உயரப் பனியில் நின்று, பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற பத்திரிகையை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர். படிக்க அங்கே ஆள் இல்லை என்பதெல்லாம் ஒரு பொருட்டா?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஈ.சி.ஆரில் போய்ப் பாருங்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிள்கள் வரிசையாக வரும். ஒட்டுத்துணி மாதிரி உடுப்பு, மீன் வாலைப் போல் ஹெல்மெட், ஒரு பைக்கை விட விலை கூடிய சைக்கிள். நெருஞ்சிக்கு விலை பார்க்கத் தெரியாது. பஞ்சரானதும் உருட்டிக்கொண்டு லாரி டயர்க் கடைக்கு வருவார்கள். கடைக்காரர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“சார், இந்த மூக்குக்கு நம்ம பம்பு சேராது. எங்க வாங்குனீங்க?”

“ஆன்லைன்ல.”

“அப்ப ஆன்லைன்லயே காத்தடிச்சுக்குங்க. பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்.”