ஏ.சி. ரிமோட் இயல்: ஊழியர் ஊக்கம் குறித்த ஓர் ஆராய்ச்சி

நிறுவனத்தில் ஊழியர் திறம்பட வேலை செய்யப் பயிற்சி வகுப்பு, மாத இலக்கு, ஆண்டு மதிப்பீடு எனப் பல கருவிகள் சொல்லப்படுகின்றன. அவை யாவும் துணைக்கருவிகள். தலைமைக் கருவி வெள்ளை நிறத்தது, உள்ளங்கைக்குள் அடங்குவது, அட்மின்காரரின் மேசை இழுப்பறையில் உறைவது. இதனாற் சொல்லியது யாதோவெனின், ஏ.சி. ரிமோட் யார் கையிலோ அவரே நிறுவனத்தின் மெய்யான மேலாளர் என்பது.

முதற்கண் வரலாறு. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்று பட்டுத் தாள் உப்பிச் சுருங்கியது. ஒரு வண்ணத்தின்மேல் இன்னொன்று பொருந்தாமல் விலகியது. அதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் தம் எந்திரத்தை வடிவமைத்தார். ஆகவே ஏ.சி. மனிதனுக்காகப் பிறந்ததன்று, தாளுக்காகப் பிறந்தது. சென்னை அலுவலகங்களில் ஆட்கள் விறைத்திருக்க, பிரிண்டர் மட்டும் சுகமாக இருப்பதன் மூலகாரணம் இதுவே. (அப்போதும் அது தாளை மென்று துப்புவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.)

அடுத்து நிலப்பாகுபாடு. ஏ.சி.யின் வாய்க்கு நேர்கீழ் குறிஞ்சி. மே மாத நண்பகலிலும் இங்கே கூதிர்காலம். மாந்தர், அக்கவுன்ட்ஸ் பிரிவினர். உடை, காதோடு சுற்றிய துப்பட்டாவும் நாற்காலி முதுகில் ஆண்டு முழுவதும் தொங்கும் ஸ்வெட்டரும். தொழில், பழைய அட்டைப்பெட்டியை வெட்டிச் செலோடேப்பால் ஒட்டிக் காற்றைத் திருப்பிவிடுதல். திருப்பிவிட்ட காற்று போய் விழும் இடம் சேல்ஸ் பிரிவு. அதனால் அங்கே எந்நேரமும் ஊடல், ஆகலின் மருதம். தண்ணீர் சொட்டுமிடத்தில் பக்கெட் வைத்திருப்பார்கள். நீரும் இரங்கலும் உண்மையான் அது நெய்தல். மேற்குச் சன்னலோரம் பாலை. முல்லைக்குத் தனியிடம் இல்லை. ‘மெக்கானிக் நாளைக்கு வந்துடுவார்’ என்ற சொல்லை நம்பியிருப்போர் அமர்ந்த இடமெல்லாம் முல்லையே.

இத்தனை பேருக்கும் ஒத்துவரும் ஒரு டிகிரி உண்டா? டென்மார்க்கின் ஃபேங்கர் 1970இல் இதற்கொரு சமன்பாடே வகுத்தார். அவர் கணக்கின்படி, எவ்வளவு கச்சிதமாக வைத்தாலும் நூற்றுக்கு ஐவர் அதிருப்தியாகத்தான் இருப்பார்கள். அந்த ஐவரையும் ஒரே வரிசையில் உட்காரவைப்பது மனிதவளத் துறையின் தனித்திறமை. நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2015இல் இன்னொன்றைக் காட்டினர்: அலுவலக வெப்பநிலை விதிகள் ஒரு சராசரி ஆணின் உடற்சூட்டு உற்பத்தியைக் கொண்டு எழுதப்பட்டவை; பெண்களுக்கு அது 35 விழுக்காடு வரை மிகையாகலாம். 2019இல் வெளியான பெர்லின் சோதனையிலோ, அறை வெதுவெதுப்பாக ஆகப் பெண்கள் கணக்கிலும் சொல்லாக்கத்திலும் கூடுதலாகத் தேறினர். ஆண்கள் சற்றே சறுக்கினர், ஆனால் அந்த ஏற்றத்தைவிட இந்த இறக்கம் சிறிது. துப்பட்டாவின் பொருளாதாரத்தை இனியும் யாரும் சிரித்து ஒதுக்க முடியாது.

நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியுள்ள அறை ஏ.சி.கள் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்றும் அரசு சொல்கிறது. காலை ஒன்பதரைக்கு 24தான். பன்னிரண்டு மணிக்கு வெயிலில் பைக் ஓட்டி வரும் சேல்ஸ்காரர் 18 வைப்பார்; தண்ணீர் குடிப்பார்; அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அவர் போவார், 18 போகாது. ரிமோட்டைத் தொடுபவர் அங்கே இருப்பதில்லை, இருப்பவர் தொடுவதில்லை. இதுவே இவ்வியலின் உயிர்நிலை.

சென்ட்ரல் ஏ.சி.க்கு ரிமோட்டே இல்லையே எனின், அது இறைநிலை. மெயில் போடலாம், பதில் மார்கழியில் வரும்.

எனவே பரிந்துரை: ரிமோட் இரண்டு வேண்டும். வேலை செய்வது குறிஞ்சி நிலத்தாரிடம். பேட்டரி இல்லாத மற்றொன்று எல்லோர் கைக்கும் எட்டும்படி சுவரில். இது ஏமாற்றன்று. 1924இல் சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் தொடங்கிய சோதனையில், விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியதாகச் சொல்வர்; தம்மை யாரோ பொருட்படுத்துகிறார்கள் என்ற எண்ணமே போதுமாம். பின்வந்தோர் இதை ஐயுற்றாலும், மேலாண்மை வகுப்புகளில் இன்றும் செல்லுபடியாகிறது; நமக்கு அது போதும்.

கழற்றிய சின்னப் பென்சில் பேட்டரிகளை கான்ஃபரன்ஸ் அறை புரொஜெக்டர் ரிமோட்டில் போடலாம் என்பர் ஒருசாரார். மாதாந்திர ரிவ்யூ தடையின்றி நடந்துவிடும் அபாயம் உண்டாகலின், ஊழியர் நலன் கருதி அக்கொள்கை மறுக்கப்பட்டது.