வாழைப்பழவியல்

ஒரே மொழியைப் பேசும் இருவர் ஏன் ஒரே மாதிரி பேசுவதில்லை என்ற வினா உலகப் பல்கலைக்கழகங்களில் இன்னும் ஆய்வில் இருக்கிறது. மலாக்கா மாநிலத்தில் அது தீர்ந்துபோன விஷயம். ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கேட்டாலும், தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே விடை சொல்லிவிடுவார்கள்: "எல்லாம் தண்ணிதாங்க."

இக்கொள்கையை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது அறிஞர்க்கு அழகன்று. ஆகவே சோதித்துப் பார்ப்போம். டுரியான் துங்கால், ஜூஸ், ஆசகான் என்று மாநிலத்தில் அணைகள் மூன்று. சுத்திகரித்துக் குழாயில் ஏற்றிய பிறகு தோட்டத்துக்கு ஒரு தண்ணீர், பட்டணத்துக்கு ஒரு தண்ணீர் என்று யாரும் பிரிப்பதில்லை. மேலும் 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, ஊரே வாளியும் குடமுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. அக்காலத்தில் எவருடைய லகரமும் ளகரமும் இடம் மாறியதாகத் தகவல் இல்லை. கொள்கை வீழ்ந்தது. ஒட்டுக்கடையில் 'தண்ணி'க்கு வேறொரு பொருளும் உண்டு. அது உச்சரிப்பை மாற்றும் என்பதை மட்டும் மறுப்பதற்கில்லை.

பழையவர்களைக் கேட்கலாமெனில், தொல்காப்பியர் திசைச்சொற்களுக்குச் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களைக் காரணம் காட்டினார். அந்தப் பன்னிரண்டும் எவை என்பதில் உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை. எப்படி எண்ணினாலும் மலாக்காவின் மெர்லிமாவ் அதில் வராது.

எனவே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கு ஒரு கருவி வேண்டும்; விலை மலிவானது வாழைப்பழம். அதை ஒருவரிடம் காட்டி இது என்ன என்று கேட்க வேண்டியதுதான். 'வாயப்பயம்' என்றால் அவர் பாட்டன் வட ஆற்காட்டுப் பக்கம். 'வாளப்பளம்' என்றால் தெற்கத்திச் சீமை. 'வாழைப்பழம்' என்றே சொன்னால் அவர் தமிழாசிரியர், அல்லது எதிரே தமிழாசிரியர் நிற்கிறார். மூவரும் தோலை ஒரே மாதிரிதான் உரிக்கிறார்கள். இத்தகைய சோதனை உலகுக்குப் புதிதன்று. யோர்தான் ஆற்றுத் துறையில் 'ஷிபோலேத்' என்று சொல்லத் தெரியாமல் 'சிபோலேத்' என்றவர்கள் 42,000 பேர் வெட்டுண்டதாக விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம் சொல்கிறது. மலாக்காவில் அவ்வளவு தூரம் போனதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்கள் என்ற அளவோடு நின்றுவிடும்.

இனி, வட ஆற்காடும் தெற்குச் சீமையும் ஒரு மாநிலத்தின் ரப்பர்க் காட்டுக்குள் வந்து சேர்ந்தது எங்ஙனம் எனின், கங்காணியால் என்க. டான் சே யான் என்ற சீனர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. மரம் வளர்ந்தால் பால் வெட்ட ஆள் வேண்டும். துரை கங்காணியை ஊருக்கு அனுப்பினார். கங்காணி எந்த ஊருக்குப் போவார்? தன் ஊருக்குத்தான். யாரைக் கூட்டி வருவார்? மாமன், மச்சான், பங்காளி, அடுத்த தெருக்காரன். வேலைக்கு இறங்கும் ஆளுக்கு ஏற்பத் தலைக்காசு வந்ததால், அவர் யாருடைய ழகரத்தையும் பரிசோதித்துப் பார்த்து ஆள் எடுக்கவில்லை. ஒரு கிராமம் அப்படியே பெயர்ந்து வந்து லயத்தில் இறங்கியது. சாமி, சண்டை, உச்சரிப்பு எல்லாம் கூடவே வந்தன.

முதலில் வந்திறங்குபவர்களின் பேச்சே பின்வருவோர்க்கும் அச்சாகும் என்பது சாலிகோகோ முஃப்வேனே என்ற மொழியியலாரின் கொள்கை. கங்காணி அதைப் படித்தவரல்லர், செய்துகாட்டியவர். ஐரோப்பாவில் வட்டார வழக்குகளைப் பிரித்துவைக்க மலைகளும் பேராறுகளும் தேவைப்பட்டனவாம். இங்கே ஒரு செம்மண் சடக்கு போதுமானதாக இருந்தது. விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டு, பிறகு மர நிரை, பிறகு பால் ஸ்டோர், சாயங்காலம் லயத்து வாசல். சம்பளம் போட்டால் டவுன். அடுத்த தோட்டத்துக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்க நேரம் ஏது?

மேலே கணக்கெழுதும் கிராணி இருந்தார். அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர், இல்லையேல் மலையாளி. தோட்டத்தார் பேசினார்கள், அவர் கதைத்தார். அவருடைய தமிழே உயர்ந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதற்கு இலக்கணக் காரணம் ஒன்றுமில்லை. சம்பளப் பதிவேடான செக்ரோல் அவர் கையில் இருந்தது. இதில் ஐயம் உள்ளோர்க்கு ஒரு மேற்கோள்: வில்லியம் லபாவ் 1962-இல் நியூயார்க்கின் மூன்று கடைகளுக்குப் போய், நாலாம் மாடியில் இருக்கும் சரக்கு எங்கே என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். விலை கூடிய கடையின் பணியாளர்கள் 'நாலாம் மாடி' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் ரகரத்தை அதிகமாக ஒலித்தார்கள். மலிவான கடையில் அது பெரும்பாலும் விழுங்கப்பட்டது. ஆகவே எழுத்து வாயில் பிறந்தாலும் அது ஒலிப்பதும் ஒலிக்காததும் பெட்டியில் உள்ள பணத்தைப் பொறுத்தது என்று கொள்ளலாம். மலாக்காவில் இதைக் காண மாடி ஏற வேண்டாம். லயத்தில் 'தலவரு' என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒலிவாங்கி முன் நிறுத்தினால், "மதிப்பிற்குரிய தழைவர் அவர்கழே" என்பார். சிறப்பு ழகரம் கைவசம் இருப்பதை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு.

தோட்டத்து உச்சரிப்பை அரசாங்கமே ஒருமுறை எழுத்தில் பதிந்துவைத்தது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு பாராட்டவில்லை. பிரான்சின் வட்டார வழக்குகளை வரைபடமாக்க எட்மோன் எட்மோன் என்பவர் 1897 முதல் நான்காண்டுகள் 639 ஊர்களுக்கு அலைந்தார். மலாயாவில் அந்த அலைச்சல் தேவைப்படவில்லை; 1948-இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய அடையாள அட்டை வந்தது. சொன்னவர் திருச்சிச் சீமை, எழுதியவர் வேறு சீமை, எழுத்து ஆங்கிலம். லட்சுமி அதில் 'லெச்சுமி' ஆனாள், லட்சுமணன் 'லெச்சுமணன்' ஆனான். வாய் சொன்னதைக் காது எழுதியது. ஒலியியலில் இதைவிட நேர்மையான பதிவு கிடைப்பதரிது. இன்றைக்கும் பிள்ளை பள்ளியில் 'லட்சுமி' என்று தமிழில் எழுதப் பழகி, அரசாங்கப் பாரத்தில் பாட்டியின் வழக்கில் கையெழுத்துப் போடுகிறாள்.

அதே அவசரகாலம் வழக்குகளைக் கலக்கவும் செய்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். கம்பிக்குள் சேலத்துப் பிள்ளையும் தஞ்சாவூர்ப் பிள்ளையும் ஒரே கோலியை ஆடின. பிள்ளைகள் பெற்றோரைப்போல் பேசுவதில்லை, கூட விளையாடும் பிள்ளைகளைப்போல் பேசுகின்றன. வட்டார வழக்கு நூல்கள் அத்தனையும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. பெற்றோர் இதை வேறு சொற்களில், கொஞ்சம் கோபமாகச் சொல்வார்கள். இப்படித்தான் பணத்துக்கு 'வெள்ளி'யும் கால்சட்டைக்குச் 'சிலுவாரு'ம் வாக்கியக் கடைசியில் ஒரு 'லா'வும் எல்லோர்க்கும் பொதுவாயின. சென்னையிலிருந்து வரும் விருந்தாளியைக் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் அவர் உருகிப்போய், எவ்வளவு தூய தமிழ் என்பார். செட்டிநாட்டில் இன்றும் கேட்கக்கூடிய சொல்தான். அடுத்த நொடியே 'லா' வந்து விழும்; அவர் முகம் மாறும்.

இத்தனைக்கும் நடுவே, மாநிலத்தில் தமிழை ஒரு வழுவும் இல்லாமல் வைத்திருக்கும் சமூகம் ஒன்று உண்டு. அவர்கள் காஜா பேராங் பகுதியின் மலாக்காச் செட்டிகள். நாட்டுக்கோட்டையார் வேறு, இவர்கள் வேறு. சுல்தான் காலத்திலேயே வாணிபத்துக்கு வந்து, உள்ளூரில் பெண் கட்டி, 1781-இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பியவர்கள். போகிக்கு மூதாதையர்க்குப் படைக்கிறார்கள். அதைப் 'பர்ச்சு' என்கிறார்கள். தமிழ் பேசுவதை மட்டும் பல தலைமுறைக்கு முன்பே விட்டுவிட்டதால், அவர்களுடைய ழகரத்தில் குற்றம் கண்டவர் எவருமில்லை.

ஆனால் வீட்டில் மலாய் பேசுகிறார்கள். மலாக்கா மலாய்க்காரர் 'பெசார்' என்பதைப் 'பெசாவ்' என்று சொல்லி, ஜொகூர்க்காரரின் கிண்டலை வாங்கிக்கொள்கிறார். செட்டிகளின் மலாயோ அந்த மலாக்கா மலாய்க்காரர் பேசுவது போலவும் இல்லை, பாபாச் சீனர்கள் பேசுவது போலவும் முழுக்க இல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு மொழியியலார் காஜா பேராங்குக்கு வந்து, முதியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிந்துகொண்டு போகிறார்கள்.