பை கனக்கிறது, ஐயா!

பெறுநர்: ஆர் அண்டு ஏ, செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து.
பொருள்: கோல்ஃப் பையில் 14 கிளப் – விதியைத் திருத்தக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவும் மெக்சிகோவும் நீங்கலாக உலகத்துக்கே கோல்ஃப் விதி தங்கள் கையில் என்பதால், இந்தியாவிலிருந்து இந்த ஏழை ஆட்டக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

1930களில் லாசன் லிட்டில் போன்ற சாம்பியன்கள் 25-க்கும் மேல் கிளப்புகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தூக்கிய கேடியின் தோளுக்குத்தான் தெரியும். 1938-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும், மறு ஆண்டு தாங்களும் 14-க்கு மேல் கூடாது என்றீர்கள். நல்ல காரியம். ஆனால், குறைவாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கக் கூடாதா? ரேஷனில் 20 கிலோ என்றால் 19 கிலோ வாங்கி வருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஆகவே என் பையிலும் சரியாக 14. டிரைவர், 3 வுட், 5 வுட், ஹைப்ரிட், ஐந்திலிருந்து ஒன்பது வரை அயர்ன், பிட்சிங் வெட்ஜ், 52, 56, 60 டிகிரி வெட்ஜ்கள், பட்டர். இதில் 5 வுட்டும் ஹைப்ரிட்டும் என் கையில் ஒரே தூரம்தான் போகும். 5 அயர்னை வெயில் படாமல் வளர்க்கிறேன். 60 டிகிரியால் ஒருமுறை அடித்தேன். பந்து வானத்துக்குப் போய், என் காலடியிலேயே விழுந்தது.

பிட்சிங் வெட்ஜ் போக இன்னும் மூன்று வெட்ஜ் எதற்கு என்பீர்கள். கிளப் செய்யும் கம்பெனிகளைக் கேளுங்கள். பந்து தூரம் போகட்டும் என்று அயர்ன்களின் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பிட்சிங் வெட்ஜ் 44, 45 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அதற்கும் 56-க்கும் நடுவே பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை அடைக்க 52-ஐ விற்றவர்களும் அவர்களேதான்.

2001 ஓபன், ராயல் லைத்தம், கடைசி நாள். இயன் வூஸ்னம் முதல் குழியில் பேர்டி அடித்துவிட்டு இரண்டாவதுக்கு வருகிறார். 'பையில் ரெண்டு டிரைவர் இருக்கு' என்கிறார் கேடி. மொத்தம் 15. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். வேண்டாத ஒரே ஒரு டிரைவருக்கு அவருக்கு அந்தத் தண்டனை; வேண்டாத பத்தைச் சுமக்கும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது நியாயமா?

1916-இல் சிக் எவன்ஸ் ஏழே கிளப்பில் 286 அடித்து யு.எஸ். ஓபனை வென்றார். எனவே என் கோரிக்கை: உச்சவரம்பை ஏழாக்குங்கள். முடியாதென்றால், ஒரு சுற்றில் கை படாத ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு ஸ்ட்ரோக் போடுங்கள். என் ஸ்கோர் கார்டைப் பார்த்தால், கூடுதலாகப் பத்து ஏறியது யாருக்கும் தெரியாது.

திருத்தம் வரும்வரை 14-ஐயும் சுமப்பேன். நேற்றுதான் 3 வுட்டுக்குப் புது உறை வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரும்பாலும் 7 அயர்னும் பட்டருமாகக் காலம் தள்ளும் ஒருவன்