மூழ்கிய ஊர், மூழ்காத படம்

கேள்வி: விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரின் படங்கள் ஒரு பிடிஎஃப் மலரில் இருக்கின்றன. ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் மங்கிவிடுகின்றன. தெளிவாக எடுக்க வழி உண்டா?
– வாசகி, தெல்தெனிய

பதில்: ஊரை மூழ்கடித்தது 1985இல் திறக்கப்பட்ட அணை, படத்தையும் ஏன் ஸ்கிரீன்ஷொட்டில் மூழ்கடிக்கிறீர்கள்? அது உங்கள் திரையில் தெரியும் புள்ளிகளை மட்டுமே பிடிக்கும். கோப்புக்குள் இருக்கும் படம் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம்.

கணினியில் 'பொப்ளர்' என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதிலுள்ள 'பிடிஎஃப்இமேஜஸ்' கட்டளையை 'ஓல்' தெரிவுடன் கொடுத்தால், உள்ளே ஜேபெக்காக இருக்கும் படம் ஒரு புள்ளிகூடக் குறையாமல் அப்படியே வெளியே வரும்.

ஆனால் மலர் ஸ்கேன் செய்யப்பட்டதென்றால், எழுத்தும் படமுமாக முழுப் பக்கமே ஒரே படமாகத்தான் வரும். வேண்டிய பகுதியை நீங்களே வெட்டிக்கொள்ள வேண்டும். அச்சிலேயே புள்ளி புள்ளியாக விழுந்த முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதற்கு மூலப் புகைப்படம்தான் வேண்டும். புதிய நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் அல்பங்களைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்புறத்தையும் சேர்த்து. படத்திலுள்ள கடையின் பெயரும் எடுத்த ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் பேனையால் எழுதியிருக்கும்.