நூறு கோடியில் வராத ஓர் ஆள்

பெறுநர்: ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு, மெட்டா நிறுவனம், மென்லோ பார்க், கலிபோர்னியா.

பொருள்: என் முகத்தைத் தங்கள் ஹெட்செட்டிடம் ஒப்படைப்பதில் ஏற்பட்டுள்ள தாமதம் தொடர்பாக.

ஐயா / அம்மா,

மெய்நிகர் உலகத்துக்குள் நூறு கோடிப் பேரைக் கொண்டுவருவதே இலக்கு என்று தங்கள் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் 2017-ல் மேடையில் சொன்னார். அந்த நூறு கோடியில் அடியேனும் உண்டு என்றே நினைக்கிறேன். இன்னும் வந்து சேராததற்கு மன்னிக்கவும்.

தாங்கள் செலவுக்கு அஞ்சியதில்லை. 2014-ல் சுமார் 200 கோடி டாலருக்கு ஆக்குலஸ் என்ற ஹெட்செட் கம்பெனியை வாங்கினீர்கள். 2021-ல் கம்பெனியின் பெயரையே மெட்டா என்று மாற்றினீர்கள். நிச்சயம்கூட ஆகாத பெண் மாப்பிள்ளையின் இனிஷியலைப் போட்டுக்கொண்ட மாதிரி. 2024-ல் மட்டும் தங்கள் பிரிவுக்கு 1,770 கோடி டாலர் நஷ்டம். எங்கள் தெருவில் இதில் லட்சத்தில் ஒரு பங்கைத் தொலைத்தவரையே வீட்டில் சாவி கொடுத்து நம்புவதில்லை.

தங்கள் மெய்நிகர் உலகத்து மனிதர்களுக்கு நெடுநாள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. காலில்லாமல் மிதப்பவற்றுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. விளக்கு வைத்த பிறகு சொல்ல மாட்டோம். தாங்களோ அவற்றை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆபீஸ் மீட்டிங் நடத்தினீர்கள். 2022 அக்டோபரில் ஒருவழியாகக் கால் முளைத்து, ஸக்கர்பெர்க்கின் பொம்மை குதித்தும் காட்டியது. பிறகுதான், அந்தக் காட்சி வேறு கருவிகளால் அசைவைப் பதிவுசெய்து தயாரித்தது என்று தங்கள் தரப்பே சொன்னது. கால் வரும் என்றுதான் காட்டினீர்கள், வந்துவிட்டது என்று சொல்லவில்லை. சரிதான்.

என் சிக்கல் சின்னது. அடுப்பில் பால் இருக்கிறது. சிலிண்டர்காரர் எந்த நேரமும் மணி அடிப்பார். போனில் மூழ்கியவரும் பால் தீயும் வாசனைக்குத் தலை நிமிர்ந்தால் போதும். தங்கள் பெட்டிக்குள் போனவர் முதலில் அதைக் கழற்ற வேண்டும். தங்கள் க்வெஸ்ட் 3 ஹெட்செட்டில் கேமரா வழியாக அறையே தெரியும் என்பீர்கள். இலவசமாகத் தெரிந்துகொண்டிருந்த அடுப்படியை, அரை கிலோவை முகத்தில் கட்டிக்கொண்டு பார்க்கலாம்! ஆப்பிள்காரர் இன்னும் தாராளம்: 3,499 டாலர் கொடுத்தால் நம் கண்களைத் தன் ஹெட்செட்டின் வெளித் திரையில் மற்றவர்களுக்குக் காட்டுவார்.

தலைசுற்றலையும் குறிப்பிட வேண்டும். ஓடுகிறாய் என்கிறது கண். உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்கிறது உட்காது. பஞ்சாயத்து வயிற்றுக்கு வருகிறது.

தங்கள் பீட் சேபர் விளையாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அருமையான ஆட்டம். ராட்டினமும் அருமைதான். திருவிழாவுக்குத் திருவிழா ஏறுகிறோம், இறங்கியதும் பஜ்ஜி வாங்கித் தின்கிறோம். ராட்டினத்தைக் கூடத்தில் நிறுத்திவைத்து, தினமும் காலையில் ஏறி ஆபீஸ் போ என்றால்தான் யோசனையாக இருக்கிறது.

ஆகவே நூறு கோடியில் ஒன்றைத் தற்காலிகமாகக் கழித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மணி அடிக்கிறது, சிலிண்டர்தான்.

இப்படிக்கு,
இரண்டு கால்களும் உள்ள ஓர் ஆள்