விசாகப்பட்டினம் வழியாக அரியாங்குப்பம்

சென்னையிலிருந்து, புதுச்சேரியை ஒட்டியுள்ள எங்கள் ஊர் அரியாங்குப்பம் வர கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. திண்டிவனம் வழி இருக்கிறது. விழுப்புரத்தில் இறங்கி மாறி வருகிற ரயில் பிரியர்களும் உண்டு. எதில் வந்தாலும், காலைக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் இருப்பார். குரோம்பேட்டையில் இருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், 2025 ஜூலையில் விசாகப்பட்டினம் வழியாக வந்தார்.

ரயிலேறி ஆந்திராவைக் குறுக்கே கடந்து விசாகப்பட்டினம் போனார். அங்கே சொகுசுக் கப்பல் ஏறினார். வங்காள விரிகுடாவில் தெற்கே மிதந்து, சென்னையைத் தாண்டி, புதுச்சேரிக் கடலில் வந்து நின்றார். மறுபடி கப்பல் ஏறிச் சென்னையில் இறங்கி வீட்டுக்குப் போவது திட்டம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இவர் அதற்கும் டிக்கெட் வாங்கித் தொட்டார்.

“எங்க அண்ணன் கப்பல்ல வர்றாரு” என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். எதிர்வீட்டு ஆயாவுக்கு ஒரே கவலை. “நம்ம ஆத்துல தண்ணி கம்மியாச்சே தம்பி, இங்க வரைக்கும் வந்துடுமா?”

வராது. அரியாங்குப்பம் ஆற்றுக்கு மட்டுமல்ல, புதுச்சேரிக்கே பெரிய கப்பல் வராது. இங்கே ஆழமில்லை, அலை அதிகம், முகத்துவாரம் மணலால் தூர்ந்துகொண்டே இருக்கும். கப்பல் தூரத்தில் நிற்கும். கரையிலிருந்து படகு போய் ஆளையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வரும். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்திலும் இதுதான் நடைமுறை. கப்பல் வந்தால் சலங்குப் படகு போகும், கோட்டையில் பீரங்கி முழங்கும், எத்தனை குண்டு போட்டார்கள் என்று பிள்ளை வரவு வைப்பார்.

கப்பலுக்கு வாசல் கட்டிக் கொடுக்க நாங்களும் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1866இல், கடலுக்குள் நீளமாக ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். 1952 புயல் கொண்டுபோய்விட்டது. 1962இல் இன்னொன்று கட்டினார்கள். 2022 மார்ச்சில் அதிலும் ஒரு பகுதி கடலில் விழுந்தது. ஜூன் மாதம் கார்டிலியா என்ற சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. வாசற்படி இடிந்து கிடக்கிற நேரமாகப் பார்த்து வருகிற சம்பந்தி மாதிரி.

அந்தச் சம்பந்தியை அப்போது உள்ளே விடவில்லை. கப்பலுக்குள் சூதாட்டம் உண்டு, பண்பாடு கெட்டுவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் அனுமதி இல்லை என்றார். கப்பல் திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமை இரவு சென்னைப் பதிவெண் கார்கள் வரிசையாக எதற்காக எங்கள் ஊருக்கு வருகின்றன என்று தெரிந்தவர்கள், பண்பாடு காப்பாற்றப்பட்ட செய்தியைப் படித்துப் பெருமூச்சு விட்டார்கள். மூன்று வருஷம் கழித்து 2025 ஜூலையில் அதே கப்பல் மறுபடி வந்தது. எதிர்ப்பும் மறுபடி வந்தது. ஆனால் இந்தத் தடவை பயணிகள் படகில் ஏறி உப்பளம் துறைமுகத்தில் இறங்கினார்கள். அந்த மாதம் இறங்கியவர்களில் ஒருவர்தான் என் மச்சான்.

மூன்று நாள் முன்பே வாட்ஸப்பில் அட்டவணை அனுப்பிவிட்டார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலத்தைக் கட்டம் போட்டுத்தான் பார்ப்பார். வொயிட் டவுன், மணக்குள விநாயகர், ஆரோவில், பாரடைஸ் பீச், அரிக்கமேடு என்று வரிசை. அதற்கு நடுவே ஒரு கட்டத்தில், ‘தங்கச்சி வீடு, 45 நிமிடம் (சாப்பாடு உட்பட)’.

அதைப் படித்த என் மனைவி, “சுறாப்புட்டுக்கு முள்ளெடுக்கவே முக்கா மணி நேரம் ஆவும்” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே மீன் வாங்கக் கிளம்பிவிட்டாள். ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போனபின் ஜூலையில் நல்ல மீன் வரும். கப்பல்காரர்கள் வேறு எதையும் யோசித்தார்களோ இல்லையோ, மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

உப்பளத்தில் மச்சான் மனைவியோடு இறங்கியபோது பீரங்கி முழங்கவில்லை, ஆட்டோக்காரர்கள் முழங்கினார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை. குரோம்பேட்டையில் வேட்டி துண்டோடு வாசலில் பேப்பர் படிக்கிற மனிதரை நான் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். “வாங்க மச்சான், வாங்கக்கா, பிரயாணமெல்லாம் எப்படி?” என்று கேட்டேன். “அதெல்லாம் வண்டில பேசிக்கலாம் மாப்ள” என்று கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக நலம் விசாரிப்புக்கே அரைமணி எடுத்துக்கொள்கிறவர்.

வொயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் அக்கா நின்றார், மச்சான் படம் எடுத்தார். அடுத்த தெருவிலும் மஞ்சள் சுவர், அடுத்த படம். எந்தச் சுவர் எந்தத் தெரு என்று பிற்பாடு அவருக்கே தெரியப்போவதில்லை என்றாலும் ஒரு சுவரையும் விடவில்லை. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் அக்கா, “யானை எங்க? ஆசீர்வாதம் வாங்கணுமே” என்றார். லட்சுமி 2022 நவம்பரிலேயே இறந்துவிட்டது என்று சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்துக்கு அட்டவணையில் கட்டம் இல்லையே என்ற தவிப்பு மச்சான் முகத்தில் ஓடியது. ஆரோவில் வடக்கே, எங்கள் வீடு தெற்கே. மாத்ரிமந்திரின் தங்க உருண்டையை வண்டியில் உட்கார்ந்தபடி போனிலேயே காட்டினேன். “இதுவே நல்லா தெரியுது” என்று ஒரு கட்டத்தை அடித்தார்.

மரப்பாலம் தாண்டி, முருங்கப்பாக்கம் தாண்டி, அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. முன்னால் கடலூர் பஸ், பின்னால் கடலூர் பஸ், பக்கத்தில் மணல் லாரி. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

புதுச்சேரி விவகாரமாக வருகிறவர்களை அரியாங்குப்பம் நிறுத்தி வைப்பது இன்று நேற்றுப் பழக்கமல்ல என்று அவருக்குச் சொன்னேன். 1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பொஸ்காவன் பெரும்படையோடு புதுச்சேரியைப் பிடிக்க வந்தார். வழியில் அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சின்னக் கோட்டை வைத்திருந்தார்கள். இதை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். பல நாள் மாட்டிக்கொண்டார். ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இங்கேதான் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். கடைசியில் கோட்டைக்குள் இருந்த வெடிமருந்தே வெடித்ததால்தான் வழி கிடைத்தது. அதற்குள் மழைக்காலம் நெருங்கிவிட, அக்டோபரில் புதுச்சேரி முற்றுகையையே கைவிட்டுப் போனார்.

“அவங்களுக்குக் கடைசி போட் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார் மச்சான். அவர் கவலை அவருக்கு.

காக்காயந்தோப்புப் பக்கம் வண்டியைத் திருப்பி அரிக்கமேட்டுக்குப் போனோம். தோப்பும் நிழலும் ஆறும், கூடவே இரண்டு இடிந்த செங்கல் சுவர்கள். மச்சான் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணை மூடினார். “ரெண்டாயிரம் வருஷம்!” என்றார். அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் சுவர். ரோமானியர் சமாசாரமெல்லாம் காலுக்குக் கீழே இருக்கிறது. தோண்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ஆனால் ஒரு மனிதர் இவ்வளவு பக்தியோடு நிற்கும்போது குறுக்கே பேச மனம் வரவில்லை. அக்கா படம் எடுத்து முடித்தபின் சொன்னேன். “பரவாயில்ல, போட்டோல தெரியாது” என்றார் மச்சான்.

மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் துறைத் தலைவர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் இந்த ஊர் மண்பாண்டத் துண்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்து 1945இல் இங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புப் பாத்திரங்களின் துண்டுகளும், ஒயின் வந்த ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் இதுதான் என்றார்கள். அந்த ஜாடிகளைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்ன செய்திதான் எனக்குப் பிடித்தது. சில ஜாடிகளில் வந்தது மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு. கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் கதை தெரியும். பக்கத்து மீனவக் கிராமமான விராம்பட்டினத்துக்குக் கடல் தாண்டி மீன் சாறு கொண்டுவந்தவனை எதில் சேர்ப்பது?

விற்க வந்திருக்க மாட்டான், தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்திருப்பான் என்று நினைக்கிறேன். அவனுக்குக் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் வேலை. புறப்படும்போது அவன் வீட்டிலும் யாராவது, “அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கலன்னா?” என்று ஜாடியைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தோம். வாழையிலை விரித்து வஞ்சிர வறுவல், சுறாப்புட்டு, எறாத் தொக்கு, நண்டுக் குழம்பு என்று மனைவி பரப்பியிருந்தாள். மச்சான் இலையைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். கப்பலில் காலைச் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி. எடுத்துப் போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லையாம். வங்கியில் வட்டிக் கணக்குப் போட்ட கை, டிக்கெட் விலையைத் தட்டுக் கணக்கில் கழிக்கப் பார்த்திருக்கிறது. “லேசா சாப்பிட்டேன்மா” என்றார். அக்கா குறுக்கே புகுந்து, “ஆறு தோசை” என்றார். தங்கை முகத்தைப் பார்த்து மச்சான் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து நிமிடம் சுறாப்புட்டுக்கே சரியாகப் போயிற்று.

எதிர்வீட்டு ஆயா வாசலில் நின்று விசாரித்தது: “ஏம்பா, கப்பல எங்க நிறுத்திட்டு வந்திருக்க? வெயில்லயா?”

மோர் குடிக்கும்போது மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம் வந்தது. “இன்னும் நாலு நாள் இருந்தா எல்லாத்தையும் ஒழுங்கா பாத்திருக்கலாம் மாப்ள.”

நாள் கணக்கில் ஒன்றுமில்லை என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. லெ ழாந்தீ என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது, ஜூன் 6ஆம் தேதி வெள்ளி கடந்தபோது மனிதர் நடுக்கடலில் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த முறை எட்டு வருஷம் கழித்து. இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று தங்கிவிட்டார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் 1768இல் புதுச்சேரி வந்து ஆய்வுக்கூடம் கட்டித் தயாராக உட்கார்ந்தார். 1769 ஜூன் 4ஆம் தேதி காலையில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி போனபின் வெயில் பளிச்சென்று அடித்தது. 1771இல் ஊர் திரும்பினால், இவர் செத்துவிட்டதாக முடிவு கட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். “டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும்” என்றார்.

ஆனால் லெ ழாந்தீ வெறுங்கையோடு போகவில்லை. இங்கே இருந்தபோது விராம்பட்டினம் பக்கத்தில் கிடந்த பழைய சிலை ஒன்றைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அரிக்கமேட்டு வட்டாரத்தின் பழமையைப் பற்றி ஆரம்பத்தில் எழுதியவர்களில் அவர் ஒருவர். பார்க்க வந்ததைப் பார்க்கவில்லை, பார்க்க வராததைப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது பாரடைஸ் பீச் கட்டத்தையும் அடித்துவிட்டோம். நோணாங்குப்பம் போய்ப் படகுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. அதிசயம், பாலத்தில் நெரிசலும் இல்லை. உப்பளத்தில் கடைசிப் படகுக்கு முன்னதாகவே மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு பாட்டில்கூட வாங்காமல் சென்னைக்காரர் ஒருவர் புதுச்சேரியை விட்டுப் போவதை அன்றுதான் பார்த்தேன்.

ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

“நாமளும் ஒரு தடவை அந்தக் கப்பல்ல போலாமாங்க? நடுவுல பாண்டிச்சேரியில நிக்கும். எல்லாரும் ஊர் பாக்கப் போவாங்க. நாம வீட்டுக்கு வந்து மோட்டாரப் போட்டு, துணியக் காயவச்சு, கீரைக்குத் தண்ணி ஊத்திட்டு போட் ஏறிடலாம்.”

“அரிக்கமேட்டையும் பாத்துட்டு ஏறலாம்” என்றேன்.

அங்கே வண்டியில் போனால் பத்து நிமிஷம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை.

“அன்னிக்கா? வந்த எடத்துல எவ்வளவு வேலை கெடக்கு!” என்றாள்.